மாடியில் இருந்த ஹெட்செட்

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதி கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் நேசையன் பதினொரு வருஷமாக வேலை பார்த்தான். ஊர் களியக்காவிளை. கரமனையில் வாடகை வீடு. மவுஸ், சார்ஜர், ஹெட்செட் என்று எதை எடுத்தாலும், அது எந்த லேப்டாப்பில் வேலை செய்யும், எதில் செய்யாது என்று யோசிக்காமல் சொல்லிவிடுவான். முதலாளி வேலாயுதன் கடையை அவனை நம்பித்தான் விட்டிருந்தார்.

அந்தப் பெண் வந்தது கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை போட்ட சாமிமார்களின் கூட்டம் காலையிலிருந்தே தெருவை அடைத்திருந்தது. நேசையனுக்குச் சாப்பிட உட்காரவே இரண்டரை மணி ஆகிவிட்டது. பாத்திரத்தைத் திறந்து கப்பைக்கிழங்கையும் மீன்குழம்பையும் பிசைந்து, முதல் வாயை எடுக்கும்போது அவள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கையில் நனைந்த குடை.

"அண்ணா, லேப்டாப்புக்கு ஒரு ஹெட்போன் வேணும். மைக் உள்ளது."

"ஃபோனுக்கா, லேப்டாப்புக்கா மக்ளே?"

"லேப்டாப்புக்குத்தான். அதுல உள்ள மைக் கேடாயிப் போச்சு. நாளன்னிக்கு எனக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ இருக்கு. நான் பேசறது அவங்களுக்கு நல்லா கேக்கணும்."

"புது லேப்டாப்பா?"

"பழசு. எங்க அத்தை மகனோடது."

பழசு என்று கேட்டதுமே நேசையனுக்குத் தெரியும், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று. பழைய லேப்டாப்புகளில் ஹெட்போனுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். ஒற்றைப் பின் வைத்த ஹெட்செட்டை அதில் சொருகினால் காதில் கேட்கும், பேசுவது போகாது. யூஎஸ்பி ஹெட்செட் என்றால் பிரச்சினையே இல்லை. எதில் சொருகினாலும் இரண்டும் நடக்கும். யூஎஸ்பி ஹெட்செட்டுகள் மாடியில் இருந்தன. இரும்பு ஏணியில் ஏறி, தகரக் கூரைக்கு அடியில் பெட்டிகளை விலக்கித் தேட வேண்டும். எச்சில் கையைக் கழுவிவிட்டு வேறு போக வேண்டும்.

அவன் இடது கையை நீட்டி, கண்ணாடி அலமாரியில் தொங்கிய ஒற்றைப் பின் ஹெட்செட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இது நல்லதா அண்ணா? மைக் எடுக்குமா?"

"எல்லாத்துலயும் எடுக்கும். தைரியமாக் கொண்டு போ."

அவள் அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். பஞ்சு மெத்தென்று இருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பில் போடும்போது ஃபோன் நம்பரும் பெயரும் கேட்டான். கௌசல்யா. ஊர்? போனக்காடு. அங்கே மலைமேல் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், அம்மாவோடு இருப்பதாகவும், இன்டர்வியூவுக்காக விதுராவில் அத்தை வீட்டுக்கு வந்திருப்பதாகவும் தானாகவே சொன்னாள். தமிழ் கஸ்டமர் கேர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிடைத்துவிட்டால் விதுராவில் ஒரு ரூம் எடுத்து அம்மாவையும் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிடுவாளாம். அம்மாவுக்குக் கால் சரியில்லை, மலையில் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது என்றாள். நேசையன் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் திரும்ப வந்தாள். வேலாயுதன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இத எப்படிச் சொருகணும்னு ஒரு தடவ சொல்லித் தாரீங்களா?"

"என்ன மக்ளே, இன்டர்வியூ என்ன ஆச்சு?"

"அவங்க பேசறது எனக்கு நல்லா கேட்டுச்சு. நான் பேசறது அவங்களுக்குக் கேக்கல. மூணு தடவ கேட்டாங்க. நான் கத்திக் கத்திப் பேசினேன். அப்புறம் கட் பண்ணிட்டாங்க." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அதுல ரெண்டு ஓட்டை இருக்கு அண்ணா. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன்."

நேசையன் ஹெட்செட்டை அவள் கையிலிருந்து வாங்கினான். அதற்குள் வேலாயுதன் கல்லாவிலிருந்து கேட்டார், "எந்தா நேசையா? திருப்பிக் குடுக்கவா வந்திருக்கு?"

போன மாதம்தான் அவன் இரண்டு ஹெட்செட்டைத் திருப்பி எடுத்ததற்காக, கடை நிறைய ஆள் இருக்கும்போது அவர் அவனை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்.

"இல்ல மொதலாளி. சும்மா டவுட் கேக்க வந்திருக்கு."

கடையிலிருந்த புது லேப்டாப்பில் அந்த ஹெட்செட்டைச் சொருகினான். அதில் ஒரே துளைதான். "ஏதாவது பேசு மக்ளே" என்றான். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம், என் பேர் கௌசல்யா" என்றாள். பதிவானதைப் போட்டபோது அவள் குரல் மணிமாதிரிக் கேட்டது.

"கண்டோ? சாதனத்துக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்றார் வேலாயுதன்.

கௌசல்யா நேசையனைப் பார்த்தாள். அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "பின் முழுசா உள்ள போயிருக்காது மக்ளே. புதுசா உபயோகிக்கிறவங்களுக்குச் சில சமயம் அப்படி வரும்."

"அப்போ நான்தான் சரியாப் போடல, இல்லையா அண்ணா?"

அவன் ஹெட்செட்டை அவளிடம் நீட்டினான். அவள் ஹெட்செட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சிரமம் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஏழெட்டு நாள் கழித்து ஓர் ஆபீஸ்காரர் வந்து இதே ஹெட்செட்டைக் கையில் எடுத்தார். "என் லேப்டாப்பில் ரெண்டு ஹோல். இது சரியாகுமா?" என்று மலையாளத்தில் கேட்டார். "வேண்டாம் சார், மைக் எடுக்காது" என்று நேசையன் ஒரே மூச்சில் சொன்னான். ஏணியில் ஏறி யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். போய்வர மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று மத்தியானம் அவன் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

பில் புத்தகத்தைப் புரட்டி அவள் எண்ணை எடுத்தான். தினமும் கூப்பிட்டான். எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக மலையாளத்தில் ஒரே பதில்தான் வந்தது. கடைசியில் ஒரு யூஎஸ்பி ஹெட்செட்டைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஏறினான். விதுராவில் இறங்கி, அங்கிருந்து போனக்காட்டுக்கு அடுத்த பஸ். மேலே போய்ச் சேரும்போது மணி பத்து தாண்டியிருந்தது.

கௌசல்யா வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். வாசலில் ஓர் அம்மா விறகைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தாள். வலது கணுக்கால் வீங்கியிருந்தது.

"ஆரு?"

"திருவனந்தபுரத்துல ஹெட்போன் விக்கிற கடையில வேலைக்கு நிக்கிறேன். கௌசல்யாவப் பாக்கணும்."

"அவ திருப்பூருக்குப் போயி ஒம்பது நாளாச்சே. பக்கத்து லயத்துப் புள்ளைக்கூட பனியன் கம்பெனிக்குப் போயிருக்கா." அவள் பெயர் பேச்சி. பயந்தவள்போலக் கேட்டாள், "அந்த ஹெட்போன திருப்பித் தரணுமா? அத விதுராவுல அவ அத்தகிட்ட குடுத்துட்டா."

"அதுக்கில்ல அம்மா." நேசையன் அவளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். துளைகளையும் பின்னையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். "உங்க மகமேல தப்பு இல்ல. தப்பு எம்மேல. அந்த லேப்டாப்புக்குச் சேராத சாமானத்த நான்தான் குடுத்தேன். திரும்ப வந்து கேட்டப்பவும் மறச்சிட்டேன்."

பேச்சி விறகைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஒயரச் சொருகத் தெரியல, நான் எங்க கம்ப்யூட்டர்ல வேல பாக்கன்னு சொன்னா. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. இதெல்லாம் நமக்கு ஒத்து வராதும்மான்னுட்டு அந்தப் புள்ளைக்கூடக் கெளம்பிட்டா. நான் போகாதன்னு சொல்லியும் கேக்கல."

"ஃபோன்ல கூப்பிட்டுத் தருவீங்களா?"

சிக்னல் பஸ் நிற்கும் இடத்தில்தான் கிடைக்கும். பேச்சி கம்பை ஊன்றி நடக்க, அவன் அவள் வேகத்துக்கு நடந்தான். அவள் கையிலிருந்த பட்டன் ஃபோனில் மகளின் புது நம்பர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கௌசல்யா ஹாஸ்டலில்தான் இருந்தாள். பேச்சி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஃபோனை நேசையனிடம் கொடுத்தாள்.

தான் யார் என்று சொன்னான். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கச் சோம்பல்பட்டதையும், முதலாளிக்குப் பயந்ததையும் சேர்த்துத்தான் சொன்னான்.

"அப்போ நான் சரியாத்தான் போட்டேனா அண்ணா?"

"சரியாத்தான் போட்ட மக்ளே. ஆரு போட்டாலும் அது எடுத்திருக்காது."

"அந்த மேடம் அஞ்சு கேள்வி கேட்டாங்க. அஞ்சுக்கும் எனக்குப் பதில் தெரிஞ்சிருந்துச்சு. நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்." அவள் மூச்சு இழுப்பது கேட்டது. "உங்க கடைக்கு நான் திரும்ப வந்தது வெள்ளிக்கிழமை, இல்லையா? சனிக்கிழம சாயந்திரம்வரைக்கும் வேற டைம் எடுத்துக்கலாம்னு அவங்க மெயில் போட்டிருந்தாங்க. அதுக்குத்தான் அன்னிக்கு ஓடி வந்தேன். எனக்கே போடத் தெரியலன்னா மறுபடி போயி அசிங்கப்படணுமான்னு விட்டுட்டேன்."

இது நேசையனுக்குத் தெரியாது.

"நீ சொல்லல்லியே மக்ளே."

"நீங்க கேக்கலையே அண்ணா."

அவன் அவசரமாகப் பேசினான். புது ஹெட்செட் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். அவள் திரும்பி வந்தால் எல்லாவற்றையும் தானே வந்து சரிசெய்து கொடுப்பதாகவும், அந்தக் கம்பெனிக்கு ஃபோன் செய்து தன்மேல்தான் தப்பு என்று சொல்வதாகவும் சொன்னான்.

"அந்த வேலைக்கு ஆள் எடுத்து முடிச்சிட்டாங்க அண்ணா. இங்கயும் ஆறு மாசம் நிக்கணும்னு எழுதி வாங்கியிருக்காங்க." கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவள் குரலில் அது இல்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம். அம்மாகிட்ட குடுங்க."

பேச்சி ஃபோனை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனாள். கேட்டுவிடக் கூடாதென்று நேசையன் மறுபக்கம் திரும்பி நின்றான். கொஞ்ச நேரத்தில் அவள் "அலோ, அலோ" என்பது கேட்டது. வந்து ஃபோனை நீட்டினாள்.

"கட்டாயிப் போச்சு. இன்னிக்கு அவ என்ன சாப்பிட்டான்னு நான் கேக்கவே இல்ல."

அவன் எண்ணை அழுத்தினான். லைன் கிடைக்கவில்லை. கீழே போகும் பஸ்ஸை டிரைவர் கிளப்பிவிட்டு ஹார்ன் அடித்தார். இதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான் என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நேசையன் போகச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பேச்சியை அங்கிருந்த கல்லில் உட்காரச் சொன்னான். பிறகு மறுபடியும் எண்ணை அழுத்தினான்.