சூடு ஏறாத கார்

"இத வச்சு என்னம்மா செய்யப் போற?" என்று அப்பா கேட்டார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் இருந்தது. கழித்துப்போட்ட சாமான்கள் கிடக்கும் வாளியிலிருந்து நான் ஒரு பித்தளைத் துண்டை எடுத்திருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் வட்டம். நடுவில் சின்ன மூடி. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் போலிருந்தது. "சும்மா" என்றேன். அப்பா சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அது கடைவீதி அழகமுத்து முதலாளியின் கறுப்புக் காரிலிருந்து வந்தது. அவருடைய மருமகன் கொழும்பிலிருந்து ஓட்டி வந்தபோது, கடுகண்ணாவை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து, பிலிமத்தலாவையில் எங்கள் கராஜ் வாசலில் ஆவி பறக்க வந்து நின்றது. அப்பா வெடித்திருந்த ரப்பர்க் குழாயை மாற்றினார். கூடவே தெர்மோஸ்டாட் என்ற இந்தப் பித்தளைத் துண்டையும் கழற்றிவிட்டார். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து நிற்கும் சாமான் அது. ஏற்றம் ஏறும் வண்டிக்கு அது இல்லாமலிருப்பதே நல்லது என்று இந்தப் பக்கத்து மெக்கானிக் பாஸ்மார் எல்லோரும் நம்பினார்கள். மருமகன் அவசரத்தில் இருந்தார். அவரிடம் அப்பா எதையும் விளக்கிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ராஜலிங்கம் அந்தக் காருக்கு டிரைவராக வந்தது ஆனி மாதத்தில். தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தைச் சேர்ந்தவர். கார் கழுவ எங்கள் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார். பிடித்து முடிந்ததும் வாளியைச் சமையலறைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். நான் ஆண்கள் முன்னால் வருவதில்லை என்று தெரிந்ததாலோ என்னவோ, என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

பெற்றோல் விலை ஏறியிருந்த அந்த வருடம் மார்கழியில், பெற்றோல் திருட்டுப் போகிறதென்ற சந்தேகத்தில் முதலாளி காரின் பெற்றோல் மூடியைச் சுற்றி நூல் கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு வைத்துக் கடை முத்திரையைக் குத்திவிட்டார். அந்த அரக்கோடு ராஜலிங்கம் கம்பளைக்கும் கண்டிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைவீதியில் எல்லோரும் பார்த்தார்கள்.

ஒருநாள் மாலை காரைக் கராஜில் விட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதலாளியும் ராஜலிங்கமும் வந்தார்கள். பனி இன்னும் கலையவில்லை. நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

"பாஸ், கீழ படுத்துப் பாருங்க. எங்கயோ பைப்ப கழட்டி எடுக்கிறான். அரக்கு வச்சது வச்சபடி இருக்கு, பெற்றோல மட்டும் காணோம். வண்டி குடிக்குதா, இவன் குடிக்கிறானா?" என்றார் முதலாளி.

"நான் குடிச்சா, பீடி பத்த வைக்கத் தைரியம் வருமா மொதலாளி?"

அப்பா சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பைப் கழண்டிருந்தா நேரா பொலிசுக்குத்தான். அதுக்கப்புறம் கண்டியில ஒருத்தன் ஒனக்கு ஸ்டியரிங்க தொடக் குடுப்பானான்னு பாக்குறேன்."

"கழண்டு இல்லன்னா?"

"அப்ப பாப்போம்."

அப்பா சாக்கை விரித்துப் படுத்து உள்ளே போனார். வெளியே வந்து தலையை ஆட்டினார். "நட்டுல புழுதி அப்படியே ஒட்டியிருக்கு மொதலாளி. ஸ்பெனர் படவே இல்ல."

"நான் ஆறு மாசமா சொல்றேன் பாஸ்" என்றார் ராஜலிங்கம். "காலையில எடுத்தா, பேராதனை தாண்டியும் சூட்டு முள்ளு எந்திரிக்காது. எஞ்சின் நிக்காம இருக்க சோக் கம்பிய இழுத்துக்கிட்டே ஓட்டணும். உள்ள தள்ளுனா நின்னுரும். சோக்க இழுத்தா பெற்றோல் போகாதா?"

அப்பா எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் கையை வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"தொட்டுப் பாரு. வெதுவெதுன்னு வருதா?"

"வருது பாஸ்."

"இப்ப வரக் கூடாது. எஞ்சின் நல்லா சூடாகுற வரைக்கும் இந்தக் குழாய் சில்லுன்னு இருக்கணும். அப்புறம் ஒரேயடியா கொதிக்கணும். இது மொதல்ல இருந்தே தண்ணிய விட்டுக்கிட்டு இருக்கு. இந்தப் பனியில ரேடியேட்டர் ஆத்திக்கிட்டே இருந்தா எஞ்சின் எப்ப சூடேறும்? தெர்மோஸ்டாட் தொறந்தபடி சிக்கியிருக்கு, வேற ஒண்ணுமில்ல."

அப்பாவின் குரலில் உற்சாகம் இருந்தது. அதை வைத்துத்தான், தானே கழற்றியது அதுவரை அவருக்கு நினைவு வரவில்லை என்று நம்புகிறேன். எஞ்சினை நிறுத்தி, இரண்டு போல்ட்டைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை. மூடியைக் கையில் பிடித்தபடி ஒருமுறை சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"என்ன பாஸ்?"

"சாமானே இல்ல மொதலாளி."

"என்ன சாமான்? பித்தளையா?"

"ம்."

முதலாளி ராஜலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "பித்தளையையும் வித்துட்டியாடா? பழைய சாமான்காரன் நல்லாத்தான் குடுத்திருப்பான்."

ராஜலிங்கம் அப்பாவைப் பார்த்தார். "பாஸ், நீங்க சொல்லுங்க. இது இப்ப கழட்டுனதா, முன்னமே இல்லாததா? ஒங்களுக்குத் தெரியும்தானே?"

கராஜ் நிற்கும் நிலம் முதலாளியுடையது. அவருடைய இரண்டு லொறிகளும் எங்களிடம்தான் வரும். அப்பா துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"அத எப்படிச் சொல்றது" என்றார்.

என் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. அதிலிருந்த கொண்டை ஊசிகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பித்தளைத் துண்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன். காலில் ஒயில் ஒட்டியது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைக் காரின் மட்கார்டில் வைத்தேன்.

"வருசப்பிறப்பு நேரத்துல அப்பா கழட்டினது" என்றேன், காரைப் பார்த்தபடி.

"ஞானம், உள்ள போ" என்றார் அப்பா.

நான் படிவரை போய் நின்றேன். முதலாளி அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்க மருமகன் வந்தப்போ… வண்டி கொதிச்சு நின்னுச்சு. மறந்தே போச்சு மொதலாளி" என்றார் அப்பா.

முதலாளி பெரிதாகச் சிரித்தார். "அட, நம்ம மாப்பிள்ள வந்த அன்னைக்கா! போகட்டும். இதையே மாட்டுங்க, புள்ள நல்லா வெளக்கி வச்சிருக்கு. டேய் ராஜலிங்கம், அந்த அரக்க சொரண்டிப் போட்டுட்டு வண்டியக் கழுவு. பத்து மணிக்குக் கண்டிக்குப் போகணும்."

அப்பா கொதிநீர் கேட்டார். தேநீருக்கு வைத்திருந்த நீரைக் கொடுத்தேன். பித்தளையை அதில் போட்டதும் மூடி மெல்லத் திறந்தது. வெளியே எடுத்து வைத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. பழுதில்லை. அதை மாட்டி, குறைந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி, மறுபடி எஞ்சினை ஓடவிட்டார்.

ராஜலிங்கம் ரேடியேட்டர்க் குழாயில் கை வைத்து நின்றார். கழுவப் போகவில்லை. நாலைந்து நிமிடம் அப்படியே நின்றார். முள் ஏறுவதை முதலாளி எட்டிப் பார்த்து, "ஏறுதே!" என்றார். சற்று நேரத்தில் ராஜலிங்கம் சட்டென்று கையை எடுத்தார். குழாய் கொதித்திருக்க வேண்டும்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்து, பித்தளைத் துண்டு இருந்த இடத்தில், மட்கார்டில் வைத்தார். தண்ணீர்க் குழாயடிக்கு வந்து கை கழுவினார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, வழக்கம்போல் அதைப் படியில் கவிழ்த்து வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எங்கடா போற? அரக்கு அப்படியே இருக்கு பாரு!" என்று முதலாளி கூப்பிட்டார். அப்பா குனிந்து ஸ்பெனர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ராஜலிங்கம் வீதிக்குப் போய் நின்றார். கண்டி பஸ் வந்தது. கை காட்டி ஏறிக்கொண்டார்.