இரண்டு ஊருக்கு ஒரு முகாம்

வட கனடாவின் மெக்கன்சி ஆற்றோரத்தில் எங்கள் தெனே பழங்குடியினரின் ஆறு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே நிதி. முன்பு தெற்கே இருந்து அறக்கட்டளைகளும் அரசும் தனித்தனியாகக் கொடுத்துவந்ததை ஒரே பானையில் போட்டுவிட்டார்கள். எந்த ஊரின் காட்டு முகாமுக்கு எவ்வளவு என்பதை ஊருக்கு ஒருவராக நாங்களே ஒரு குழுவாக உட்கார்ந்து முடிவு செய்கிறோம்.

அந்த வசந்தத்தில் குழுவில் இருந்த அலிசெட்டின் ஊருக்கு இலையுதிர்கால வேட்டை முகாமுக்குப் பணம் கிடைத்தது. இன்னொரு உறுப்பினர் இசிதோரின் ஊருக்குக் கிடைக்கவில்லை. "போன வருஷம் நீங்கதானே வாங்கினீங்க" என்று அவருக்கு எதிராகப் பேசியதே அலிசெட்தான். அவர் அவளுடைய அக்கா கணவர். எப்போதும் கேலி பேசிக்கொள்கிறவர்கள்; அன்று அவர் நேராகப் படகேறிப் போனார்.

ஜூலையில் காட்டுத்தீ வந்தது. இசிதோர் ஊர்க்காரர்களை விமானத்தில் ஏற்றி நகரத்து விடுதிகளில் தங்கவைத்தார்கள். வீடுகள் தப்பின. ஆற்றோரத்து வேட்டைக் குடிசைகள், படகுகள், வலைகள் பாதிக்கு மேல் கரியாயின.

ஆகஸ்ட் கூட்டத்தில் அலிசெட், "எங்க பங்கை அவங்களுக்குக் கொடுத்துடுங்க. ஊர்ல கேட்டுட்டுதான் வந்தேன்" என்றாள்.

முன்பென்றால் இதற்கு ஒவ்வொரு அலுவலகமாக அனுமதி கேட்கவேண்டும். பனி விழுந்த பிறகுதான் பதில் வரும். இப்போது நாங்கள் தலையசைத்தால் போதும். அசைப்பதற்குள் இசிதோர் எழுந்துவிட்டார்.

"பிச்சை போடுறியா?"

"உங்களுக்குப் பிச்சை போட்டா அக்கா என்னைக் கொன்னுடுவா. உட்காருங்க அத்தான்."

"வாங்கிட்டு எங்க போய்க் கூடாரம் அடிக்கிறது? எங்க பக்கம் ஒரு முயல்கூட இல்ல."

"அப்ப எங்க பக்கம் வாங்க."

"அங்க கொசுவைத் தவிர என்ன இருக்கு?"

"அது கடிச்சாவது உங்களுக்குச் சுரணை வருதான்னு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார்.

செப்டம்பரில் இரண்டு ஊரும் ஒரே கரையில் கூடாரம் அடித்தன. குழு சார்பில் நானும் போயிருந்தேன். முதலில் அடுப்புகள் தனித்தனியாக இருந்தன. வலையை எங்கே போடுவது என்று சண்டை நடந்தது. பிறகு ஒரு காலை இசிதோர் காய்ந்த தோள் எலும்பைப் புதரில் உரசி, இன்னொரு மான் கொம்பை உரசுவதுபோலச் சத்தம் எழுப்ப, பெரிய மூஸ் மான் ஒன்று வெளியே வந்தது. அலிசெட் சுட்டாள். அன்று எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம்.

மறுநாள் இறைச்சியைக் கீறிக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே உளுத்த கட்டை வைத்துப் புகை போட்டோம். காற்று திரும்பி, ஜூலையில் பார்த்ததைப் போன்ற அடர்ந்த புகை கூடாரங்களுக்குள் புகுந்தது. இசிதோர் ஊர் ரோசலி வாய் ஓயாமல் பேசுகிறவள். கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஆற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றாள். அவள் ஊர்க் குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் படகுகளருகே போய் நின்றார்கள்.

இசிதோர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தார்.

"இறைச்சி கெட்டுடும்" என்றார் யாரோ.

"கெடட்டும்."

அலிசெட் கழிகளையும் இறைச்சியையும் படகில் ஏற்றி, நடு ஆற்றுத் தீவுக்குக் கொண்டுபோய்ப் புகை போட்டாள். ஈ மொய்த்துக் கொஞ்சம் வீணானது.

அடுத்த நாள் இசிதோர் தனியாகத் தீவுக்கு வந்தார்.

"இவ்ளோ தடிமனா கீறினா கிறிஸ்துமஸுக்குத்தான் காயும்."

"குறை சொல்ல வந்தீங்களா, கீற வந்தீங்களா?"

அவர் புகை வராத பக்கமாக உட்கார்ந்து கத்தியை எடுத்தார். காற்று அசைந்தபோதெல்லாம் கீறுவதை நிறுத்திப் புகையைத் திரும்பிப் பார்த்தார். அலிசெட் பார்த்தாள், அதற்கு மட்டும் கேலி பேசவில்லை. அதன் பிறகு அவர் ஊர்க்காரர்கள் சிலரும் வந்தார்கள். ரோசலி வரவில்லை. வேகவைத்த இறைச்சியைக் கூடாரக் கரையிலேயே சாப்பிட்டாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

முகாம் முடிந்ததும் எல்லாப் படகுகளுக்கும் பங்கு பிரித்தோம். ரோசலிக்குப் புகை காட்டாமல் வெயிலில் மட்டும் காயவைத்த பங்கு.

அடுத்த வசந்தத்தில் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே முகாம் கேட்டன. "ரெண்டு ஊரும் கூட்டு சேர்ந்துட்டா நாங்க எங்க போறது?" என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கொடுத்தோம். அந்த முறை முகாமுக்கு ரோசலி வரவில்லை. தன் மகளை அனுப்பியிருந்தாள்.