தையலுக்கு விட்ட துணி

விடிவதற்குள் ஜெயினுலாபுதீனுக்கு முட்டி மரத்துவிட்டது. தரையில் விரித்த மில் துணிமேல் மண்டியிட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தோள், கைக்குழி, விலா. கத்தரி வளையம் உரசிக் காய்த்துப்போன கட்டைவிரலில் இன்று ரத்தமும் கசிந்தது. செங்கல்பட்டு பஜாரில் அந்தத் தையல்கடைக்கு அவர்தான் கட்டர், மற்றவர்கள் தைக்கிறவர்கள்.

சட்டைகள் படாளத்துப் பண்ணையாட்களுக்கு. பொங்கலுக்குப் பண்ணையார் செய்யும் தர்மம். அந்தத் தர்மத்திலும் கைவைக்க ஒருவர் இருந்தார். முதலாளி செங்கல்வராயன் வந்து, கோட்டைக் காலாலேயே தேய்த்து அழித்தார்.

“கோட்ட உள்ள தள்ளு பாய். சட்டைக்குச் சட்டை இம்மாந் துணி வேஸ்ட்டாப் போவுது.”

“வேஸ்ட்டு இல்ல மொதலாளி. மடிச்சித் தைக்கறதுக்கு வுட்டது. அத்தக் கொறச்சா தையலு நிக்காது.”

“ஏர் ஓட்டறவனுக்கு இன்னா கண்ணாலமா? சொன்னதச் செய்யி.”

செய்தார். வீட்டில் மனைவி லத்தீஃபா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அந்த நேரத்தில் எந்த மனிதனுக்கு நாக்கு நீளும்?

பொங்கல் முடிந்து சட்டைகள் மூட்டையாகத் திரும்பி வந்தன. மாட்டுப்பொங்கலன்று மாட்டுக் கயிற்றை எட்டிப் பிடித்ததுமே அக்குளிலிருந்து விலாவரை பிரிந்துவிட்டனவாம். புதுச்சட்டை போட்ட சந்தோஷம் அந்த ஏழைகளுக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

முதலாளி மூட்டையை ஏசுபாதத்தின் மிஷின்மேல் கொட்டினார். ஏசுபாதம் படாளத்துக்காரன். பண்ணை வேலையிலிருந்து தப்பி, தையல் கற்று, மிஷினில் உட்கார்ந்தவன். கொட்டிய சட்டைகளில் ஒன்று அவன் அப்பன் போட்டது.

“உன்னால ஒரே பேஜாராப் பூட்ச்சிடா. ஏர் புடிச்ச கை தைச்சா இப்பிடித்தான் பிரியும். எயுந்திரு. ஊருக்கே போயி மாடு மேயி.”

“தைக்கறதுக்குத் துணி எங்க கீது மொதலாளி? பாயக் கேளு.”

எல்லாரும் ஜெயினுலாபுதீனைப் பார்த்தார்கள். அவருக்குக் கண்முன் தொட்டில்தான் வந்தது. கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏசுபாதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, எதிரே பூட்டிக்கிடந்த கடையின் படியில் போய் உட்கார்ந்தான். எந்த முகத்தோடு ஊருக்குப் போவான்?

முதலாளி அடுத்த துணியை விரித்தார். சதுரங்கப்பட்டினத்து வலைக்காரர்களுக்கான சட்டைகள்.

“அதே மாதிரி வெட்டு.”

ஜெயினுலாபுதீன் மண்டியிட்டார். கோடு நேராகப் போனது, தையலுக்கு வேண்டிய துணியை விட்டு.

“இன்னா பாய், கோடு வெளிய போவுது? அழி.”

“அழிக்க மாட்டேன் மொதலாளி. அந்தச் சட்டைங்க பிரிஞ்சது என் வெட்டாலதான். நீங்க சொன்னீங்க, நான் வெட்னேன். ஏசுபாதம் மிஷினுக்கு வரட்டும். அப்பறம் கத்தரியத் தொடறேன்.”

“நீயும் போ! சாயங்கால ரயில்ல மெட்ராஸ்லேர்ந்து வேற கட்டர் வருவான்!”

வரத்தான் வருவான். வயிறு காய்ந்த ஆளுக்கா பஞ்சம்?

மூலையில் தைத்துக்கொண்டிருந்த தனகோடியின் மிஷின் நின்றது.

“உனக்கு இன்னாடா?”

“நாளைக்கி எனக்கும் இதே கதிதான மொதலாளி?” தனகோடி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான். பக்கத்து மிஷினும் நின்றது. அதற்குப் பக்கத்திலிருந்ததும் நின்றது. அந்தக் கடைக்குள் தெருச்சத்தம் கேட்டது அன்றுதான்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். லத்தீஃபாவிடம் என்ன சொல்வது என்ற நினைப்போடு ஜெயினுலாபுதீனும் இறங்கினார். தெருவைக் கடந்து ஏசுபாதத்தின் முன் நின்றார்.

ஏசுபாதம் நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு, படியில் நகர்ந்து இடம் விட்டான்.

“குந்து பாய். மொதலாளி கத்தனது இங்கயே கேட்டுச்சி. சாயங்காலம் எல்லாருமா டேசனுக்குப் போலாம். ரயில்ல வர்றவனும் கத்தரி புடிக்கறவன்தான? அவங்கிட்டயும் நடந்ததச் சொல்லிப் பாக்கலாம்.”