ஏழு அடி பத்து அங்குலம்

அக்கா, ராத்திரி மணி ஒன்று ஆகப்போகிறது. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஃபோனில் எழுதுகிறேன். பேசினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். அவளுக்குத்தான் பாம்புக் காது என்று உனக்குத் தெரியுமே.

காலை ஆறு மணிக்குக் கொத்தனார் ஆட்களையும் கலவை மெஷினையும் கூட்டிக்கொண்டு வருகிறார். கொட்டகைக்குத் தரை போடப்போகிறார்கள். அதைப் போட்டு முடித்துவிட்டால் நம் டிராக்டர் அதற்குள் ஒருநாளும் நுழையாது. இது இந்த நிமிஷம்வரை என் ஒருத்திக்குத்தான் தெரியும். தப்பும் என்னுடையதுதான்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சாயங்காலத்திலிருந்து எனக்குப் பழைய ஞாபகமாகவே வருகிறது. சாப்பிட்டு முடித்ததும் அப்பா போன வருஷத்துக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுப்பாரே, அது. தீப்பெட்டிதான் டிராக்டர். சீப்பு, கலப்பை. டீசல் டின்னுக்கு பாட்டில் மூடி. டிரெய்லருக்கு என் பென்சில் டப்பாவைப் பிடுங்கிக்கொள்வார். நீ ஸ்கேல் வைத்துக் கொட்டகைக்குக் கோடு போடுவாய். நான் தீப்பெட்டியை உறுமிக்கொண்டே ஓட்டி வந்து சுவரில் இடிப்பேன்.

"ஏய், ரிவர்ஸ்ல வா, ரிவர்ஸ்ல வா! சுவரு போச்சு!" என்று அப்பா அலறுவார்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "மூத்த பிள்ளைக்கு மாளிகை ரெடியா? எங்களுக்கு அந்த ஒழுகுற கூரை போதும்ங்க, நாங்க எல்லாம் அப்புறம் வந்தவங்கதானே?" என்பாள். அவளுக்கு எப்போதும் டிராக்டர்தான் அப்பாவின் மூத்த பிள்ளை.

ஒரு வருஷம் நீ பக்கச் சுவரில் ஜன்னல் போட்டாய். அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "எதுக்கும்மா ஜன்னல்? டிராக்டர் என்ன, போறவங்க வர்றவங்களை வேடிக்கை பாக்கப்போவுது?" என்றார். நீ கோபித்துக்கொண்டு ஜன்னலுக்குத் திரையும் வரைந்தாய். அன்றைக்கு அம்மாவே கை ஈரத்தோடு வந்து உட்கார்ந்து சிரித்தாள். அப்படி எத்தனை காலண்டர்! எல்லாவற்றையும் அப்பா சுருட்டி பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறார். வருஷா வருஷம் கொட்டகை பெரிதாகிக்கொண்டே போனது. டிராக்டர் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கிழிந்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நின்றது. நம் இரண்டு பேருக்கும் அந்தத் தார்ப்பாய்க்குள்ளேதான் வீடு. மழை மேலே கொட்டும். பெரிய சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நீ எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பாய். அந்த டீசல் வாசனை இப்போதும் எங்காவது அடித்தால் எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது. சத்தியமாக.

நீ வேலைக்குப் போன பிறகு அப்பா காலண்டர் தாளைத் தொடவே இல்லை. இந்த வருஷம் மழையில் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் கத்தியெல்லாம் துருப்பிடித்துப் போனதும், "போதும், கட்டிடுவோம்" என்று ஒரே நாளில் முடிவு செய்தார். என்னைக் கூப்பிட்டு டேப்பைக் கையில் கொடுத்தார். "குட்டி, இந்தத் தடவை பிளான் உன்னது."

அக்கா, அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உன் இடத்தில் என்னை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எல்லாவற்றையும் அளந்தேன். கலப்பை, டிரெய்லர், மருந்தடிக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின், மண்வெட்டி மாட்ட எத்தனை ஆணி என்பதுவரை. டிராக்டரில் உயரமானது மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சைலன்சர் குழாய்தானே? ஸ்டூல் போட்டு ஏறி, அதன் நுனியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஏழு அடி நாலு அங்குலம். மேலே ஆறு அங்குலம் இடைவெளி விட்டு, வாசல் உயரம் ஏழு அடி பத்து என்று எழுதினேன்.

அப்பா தாளைப் பார்த்துவிட்டு, "பெரியவ எப்பவும் ஒம்பது அடி போடுவாளே" என்றார்.

"அக்கா சும்மா கண்ணால பாத்துப் போட்டதுப்பா. நான் டேப் வச்சு அளந்திருக்கேன். வாசலைச் சின்னதா வச்சாதான் சாரல் உள்ள அடிக்காது."

அப்பா சிரித்தார். "கேட்டியா, இன்ஜினியர் அம்மா சொல்லிட்டாங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அவர் திரும்ப அளக்கவே இல்லை. கொத்தனாரிடமும் அந்தத் தாளை அப்படியே நீட்டிவிட்டார்.

சுவர் எழும்பியது. வாசலுக்கு மேலே கான்கிரீட் உத்திரம் போட்டு, அது இறுகி, கூரைத் தகடும் மாட்டியாகிவிட்டது. பாக்கி தரை மட்டும்தான். இன்று சாயங்காலம் ஜல்லி லாரி உள்ளே வர வேண்டும் என்று அப்பா டிராக்டரைத் தொட்டிப் பக்கத்திலிருந்து எடுத்துத் தெருவில் விட்டார். நான் தார்ப்பாயை மடிக்கப் போனேன். கால் பொசுக்கென்று உள்ளே போனது.

குழி. சக்கரம் நின்ற இடத்தில் குழி. நாலு சக்கரத்துக்கும் நாலு. இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் வந்து வந்து நின்று, மழைச் சேற்றில் அழுந்தி அழுந்தி, மண் அப்படி உள்ளே போயிருக்கிறது. சருகு மூடிக் கிடந்ததால் தெரியவே இல்லை. நான் டேப்பை வைத்தது குழிக்கு வெளியே, மேட்டில். டிராக்டர் நின்றது பள்ளத்தில்.

குழியை அளந்தேன். எட்டு அங்குலம். தெருவுக்கு ஓடிப்போய் டிராக்டரை மறுபடி அளந்தேன். எட்டு அடி. முழுசாக எட்டு அடி. வாசலில் தரை எதுவரை வரும் என்று கொத்தனார் நீலக் கோடு அடித்து வைத்திருக்கிறார். அங்கிருந்து உத்திரம்வரை நான் எழுதிக்கொடுத்த அதே ஏழு பத்து. சைலன்சர் இடிக்கும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்பா லாரிக்காரரிடம், "எம் பொண்ணு போட்ட பிளான். ஒரு செங்கல் வீணாகல, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வேன்?

அப்பா அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். அதுதான் பயமே. நீ டீசல் டாங்கில் தண்ணீர் ஊற்றிய அன்றிலிருந்து எத்தனை நாள் பேசாமல் இருந்தார்? சாப்பிடும்போதுகூட, "உங்க அக்காவைத் தண்ணி கொண்டு வரச் சொல்லு" என்று பக்கத்தில் இருக்கிற உனக்கு என் வழியாகச் சொல்லி அனுப்பினாரே. இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். எனக்கு யார் வழியாகச் சொல்லுவார்?

படுத்துப் பார்த்தேன். கண்ணை மூடினால் கலவை மெஷின் சுற்றுகிறது. தரையைப் போட்டுவிட்டால் உடைக்கத்தான் வேண்டும். அப்பா எல்லார் முன்னாலும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து, உத்திரத்தில் முட்டி நின்று, அப்புறம் தெரிந்துகொள்வார். இதோ, போய் எழுப்பிவிடுகிறேன். இங்கேயே இரு.

அக்கா, மணி நாலே முக்கால். திரும்பவும் நான்தான்.

எழுப்பினேன். "அப்பா" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டேன், பதறி உட்கார்ந்துவிட்டார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார் போல. சொன்னேன். எல்லாவற்றையும், குழி, மேடு, எட்டு அங்குலம், நீ கண்ணால் பார்த்துப் போட்டதென்று நான் பேசியதுவரை, அழுதுகொண்டே சொன்னேன். அவர் எழுந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போச்சு, இனி பேசவே மாட்டார் என்று நினைத்தேன்.

மாடிப்படிக்குக் கீழே கிடந்த நீளக் குச்சியை எடுத்துவந்து டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சைலன்சர் நுனி எங்கே வருகிறதோ அங்கே என்னைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னார். குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். அடி முனையை நீலக் கோட்டில் வைத்து நிமிர்த்தினார். சாக்பீஸ் கோடு உத்திரத்துக்குக் கீழே நிற்கவில்லை. ஏறிவிட்டது. இரண்டு அங்குலம்.

டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "பெரியவ இங்க இருந்தப்பவே கட்டியிருக்கணும்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "தாள்லயே கட்டிக்கிட்டு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை நின்றுபோனது. அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை, அக்கா.

அதற்குள் அம்மா கூந்தலை முடிந்துகொண்டே வந்துவிட்டாள். "என்ன, திருடன் வந்துட்டானா?"

"இல்ல. உன் மூத்த பிள்ளை வளர்ந்துட்டான்" என்றார் அப்பா. "வாசல்ல தலை இடிக்குதாம்."

அம்மா என்னைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேரையும் நம்பி நான் சோறாக்குறேன் பாருங்க" என்றாள்.

"உத்திரத்தைத் தொட முடியாது" என்றார் அப்பா. "தரையைத்தான் ஆறு இஞ்ச் இறக்கணும். மழைத் தண்ணி உள்ள வராம முன்னால ஒரு வாய்க்கா எடுத்து விட்டுடலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கூட்டிச் சொல்லு. இறக்கினா எவ்வளவு?"

"எட்டு அடி நாலுப்பா. நாலு இஞ்ச் இடைவெளி."

"எங்க வச்சு அளந்தே?"

"தெருவுல. சிமெண்ட் ரோட்டுல."

"ம்" என்றார். குச்சியை என் கையில் கொடுத்து மறுபடி ஒரு தடவை பிடிக்கச் சொல்லி, அவரே டேப் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் மண்வெட்டியை எடுத்தார்.

இடித்து இறுக்கி வைத்த மண் கல்லு மாதிரி இருக்கிறது. அப்பா கடப்பாரையால் பெயர்க்கிறார், நான் மண்வெட்டியால் வாருகிறேன், அம்மா சட்டியில் சுமந்துபோய் அந்தக் குழிகளில் கொட்டுகிறாள். விடிவதற்குள் முழுக்க முடியாது, வாசல் பக்கம் பாதியாவது வெட்டிவிடலாம். "பாதி வெட்டிக் கிடந்தா கொத்தனாரால வேணாம்னு சொல்ல முடியாது பாரு" என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. புதையல் எடுக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

கையில் கொப்புளம் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இதை எழுத வந்தேன். வரும்போது அப்பா நிறுத்தினார்.

"குட்டி, கொத்தனார் வந்தா நான் பேச மாட்டேன். பிளான் உன்னது. நீதான் சொல்லணும்."

"அப்பா, அவரு கத்துவாருப்பா."

"கத்துவாரு. நான் பக்கத்துலதான் நிப்பேன். ஆனா நீ சொல்லு."

மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. நான் போக வேண்டும். அந்த மனுஷர் எப்படிக் கத்துவார் என்று உனக்குத் தெரியும். முதல் வார்த்தையை மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "நான் தப்பா அளந்துட்டேன்" என்றே ஆரம்பித்துவிடட்டுமா? எழுந்ததும் பதில் போடு. ஆறு மணிக்கு முன்னால் எழுந்தால்.