அழுத்தம் அளக்கும் குழாய்

நாற்பது வருஷம் பாய்லரோடு மல்லுக்கட்டினவன் நான். ஆனாலும் என் நெஞ்சுக்குள் என்ன கோளாறு என்று எனக்கும் தெரியவில்லை, எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. கவளம் பாதி வழியில் நிற்கும், நெஞ்சைப் பிசையும். இதயம் சுத்தம் என்றார்கள். கேமரா விட்டுப் பார்த்து, அடைப்பே இல்லை என்றார்கள். மருமகன் ஒரே போடாகப் போட்டான்: "மாமாவுக்கு எல்லாம் மனப்பிரமை."

பதினெட்டு கிலோ குறைந்தது பிரமையா? கடைசியாக எழுதிக்கொடுத்த இந்த அழுத்தச் சோதனையிலும் ஒன்றும் தெரியாவிட்டால் இனி ஆஸ்பத்திரிப் படியே ஏறுவதில்லை என்று முடிவு கட்டித்தான் போனேன்.

மூக்கு வழியாக, உணவுக்குழாயின் அழுத்தம் அளக்கும் மெல்லிய குழாயை வயிறு வரை விட்டாள் சோதனை செய்யும் பெண். படுத்தபடி பத்து மடக்குத் தண்ணீர் விழுங்க வேண்டும். ஒவ்வொரு மடக்காக அவளே வாய்க்குள் ஊற்றினாள். முதல் மடக்கு, இரண்டாவது, மூன்றாவது. திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஐயா, ஏன் முதுகை வளைச்சு மூச்சைப் பிடிக்கிறீங்க?"

"அப்பதாம்மா இறங்கும்."

"இறங்கணும்னு யாரு கேட்டா? ஏன் இறங்கலன்னுதானே பாக்கறோம்!"

கூட வந்திருந்த என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்லயும் இந்தக் கூத்துதான். கையத் தூக்கி, நெளிஞ்சு, ஒரு செம்பு தண்ணிய ஊத்தித் தள்ளுவாரு. கேட்டா 'ஒண்ணுமில்ல போ'ம்பாரு."

எனக்குச் சுருக்கென்றது. பாய்லர் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் மீட்டரைச் சரிக்கட்டி வைப்பவர்களை நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன்!

"அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிம்மா."

இந்தத் தடவை மரக்கட்டை மாதிரிக் கிடந்தேன். நெஞ்சு பிளந்தது. அசையவில்லை.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா அதில் பதிவான வண்ணப்படத்தைக் காட்டினார். "வயித்து வாசல்ல இருக்கிற தசை, விழுங்கும்போது திறக்கவே இல்ல. மேல இருந்து தள்ளுற தசையும் வேலை செய்யல. வாசல் தசையை வெட்டி விடலாம். தள்ளுற சக்தி திரும்பாது, ஆனா சாப்பாடு தானா வழுக்கி இறங்கும்."

"இதுவரைக்கும் எத்தன பேருக்கு வெட்டியிருக்கீங்க?"

"அப்பா!" என்றாள் மகள்.

"நூத்தி முப்பது பேருக்கு."

"திரும்ப அடைச்சுக்கிட்டு வந்தவங்க?"

"பன்னெண்டு பேர். சில பேருக்கு நெஞ்செரிச்சலும் வந்துச்சு, மாத்திரை சாப்பிடறாங்க."

'ஒருத்தருமில்லை' என்று சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து போயிருப்பேன்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றேன்.