துண்டுகளுக்குப் பெயர் வைத்தவள்

1

ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பல் தேய்த்து, தொழுது, ரொட்டியில் காயா ஜாம் தடவிச் சாப்பிடுகிறேன். செங்காங்கில் ரயிலேறி, சிராங்கூனில் மாறி, எட்டரைக்கு அலுவலகம். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. குழுத்தலைவி வசந்தகுமாரி என் மேசைக்கு வந்தார்.

"ரஃபீக், லிஸ்ட்ல 'நண்டு', 'மாமி'ன்னெல்லாம் இருக்கு. கிளையண்ட் பார்த்தா சிரிப்பாங்க லா. வெள்ளிக்குள்ள எல்லாத்துக்கும் சிஸ்டமேட்டிக் நேம் போட்டுடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹஸீனா வச்சதுன்னு தெரியும். சாரி."

ஹஸீனா என் மனைவி. எங்கள் குழுவில்தான் வேலை பார்த்தாள். இறந்து ஏழு மாதம்.

2

(வாசகருக்கு: மருந்து மூலக்கூறுகளைக் கணினியில் துண்டுகளாகப் பிரித்து, ஒத்த துண்டுகளைத் தொகுதிகளாக்கிப் பெயரிடுவது எங்கள் வேலை. எந்த அணுவிலிருந்து வாசிக்கத் தொடங்கினாலும் ஒரு துண்டுக்கு ஒரே பெயர் வர வேண்டும். அதுதான் விதி.)

விதிப்படி பெயர் அமையும்வரை ஹஸீனா தற்காலிகப் பெயர் வைப்பாள், தேக்கா சந்தையில் என்னோடு பிரியாணி தின்றுகொண்டே. உலோகத்தை இருபுறமும் கவ்வுவது நண்டு. கண்ட எல்லாவற்றோடும் வினைபுரிவது மாமி.

"எங்கம்மா உனக்கு என்ன பண்ணாங்க?" என்றேன்.

"இது கெமிஸ்ட்ரி மச்சான், பெர்சனல் இல்ல. அவங்ககிட்ட சொல்லித் தொலைக்காதீங்க."

3

அவள் ஒரு தேவதையைப்போல

(இந்த வரியை அடித்துவிட்டேன். பிரியாணியில் முட்டை இரண்டையும் தன் பக்கமே ஒதுக்கிக்கொள்வாள்.)

4

வேறு தொடக்கங்களும் எழுதினேன். நிக்காஹ் நாளிலிருந்து ஒன்று. ஸ்கேன் அறிக்கையிலிருந்து ஒன்று. எங்கிருந்து தொடங்கினாலும் அந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கே வந்து நிற்கிறது.

5

முடிவு அ: பெயர்களை மாற்ற மறுக்கிறேன். வசந்தகுமாரி கண் கலங்குகிறார். (கலங்கவில்லை. நானும் மறுக்கவில்லை.)

முடிவு ஆ: வெள்ளியன்று எல்லாவற்றையும் மாற்றினேன். நாற்பது நிமிடம் ஆனது. இது நடந்தது. அவள் வைத்த பெயர்கள் எங்காவது இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுவதாக நினைத்தேன். (முழு உண்மை அல்ல.)

முடிவு இ: வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள். நான்கு விதமாக எழுதினேன். நான்கும் நன்றாக வந்தன. நான் அங்கே இல்லை.

6

வியாழன், நான்கு மணி. அலுவலகத்தில் இருந்தேன். அவள் பட்டியலில் பெயரில்லாமல் பதினொரு துண்டுகள் மிச்சம். அவற்றுக்கு நானே பெயர் வைத்து, வார்டில் காட்டி, அவளைச் சிரிக்க வைக்க நினைத்தேன். அப்போது வார்டிலிருந்து போனில் அழைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். இப்போதே கிளம்பட்டுமா என்று கேட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. முகத்தை மூடியிருந்தார்கள்.

அவள் போனில் சொன்ன பதிலை எந்தத் தொகுதியில் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பா, வெறும் பேச்சா? நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தாமல் தருகிறேன்.

"பதினொண்ணுதானே மச்சான், முடிச்சிட்டே வாங்க."