சத்தம் தாங்காத வெள்ளைக் கோழிகள்

1

இந்தக் கதை ஒரு முட்டையின் நிறத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் வாராவாரம் முட்டை வாங்கும் பண்ணையில் பல வருடங்களாகப் பழுப்பு முட்டைதான். ஒரு நாள் அட்டையில் முப்பதும் வெள்ளையாக இருந்தன.

"என்னக்கா, எல்லாம் வெளுத்துப்போச்சு?"

"கோழியை மாத்திட்டோம்," என்றார் பண்ணைக்கார அக்கா.

"அண்ணன் எங்க?"

அக்கா மோவாயால் கொட்டகைப் பக்கம் காட்டினார். அவருடைய கணவர் தகரச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார். அந்த மனிதர் அப்படிச் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

"அவரு உள்ள வரக்கூடாது," என்றார் அக்கா. "கோழி பயப்படுது."

வீட்டுக்கு வரும்வரை அந்த வாக்கியம் என்னுடனேயே நடந்து வந்தது.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: "முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழிகளில் இரண்டு வகை உண்டு. பழுப்பு முட்டை இடுபவை சாதுவானவை. கொஞ்சம் அதிகமாகத் தின்னும். வெள்ளை முட்டை இடுபவை குறைவாகத் தின்று நீண்ட நாள் இடும். ஆனால் எளிதில் மிரளும்." (இது கதை இல்லை, கையேடு. இருந்தாலும் இந்தத் தகவல் உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

இரண்டாவது: "அண்ணனுடைய குரல் ஒரு—" இதற்கு மேல் போக முடியவில்லை. எதனோடு ஒப்பிட்டாலும் சிறிதாகத் தெரிந்தது. தெருவில் அவருக்கு 'இடி' என்று பெயர். "அவருக்கு எதுக்குப்பா போன்? சன்னலைத் திறந்தாப் போதாதா?" என்பார் தெருமுனைக் கடைக்காரர்.

மூன்றாவது நின்றது. இதுதான்:

பழுப்புக் கோழிகள் இருந்த காலத்தில் அண்ணன் கொட்டகைக் கதவைத் திறந்ததும், "என்னம்மா, எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரு சத்தம் போடுவார். ஆயிரத்து ஐந்நூறு கோழிகளும் அவர் காலைச் சுற்றிக்கொள்ளும். பூட்ஸ் கயிற்றைக் கொத்தி இழுக்கும். "கயிறு என்ன புழுவா? அறிவிருக்கா?" என்று அவர் திட்டத் திட்ட இன்னும் நெருங்கும். இருபது வருடம் அந்த மனிதர் தன் பேச்சில் பாதியைக் கோழிகளிடம்தான் பேசியிருப்பார்.

தீவனம் மிச்சமாகும் என்று வெள்ளைக்கு மாறலாமென முடிவெடுத்தவர் அக்கா. பதினாறு வார வயதில் கோழிகள் வந்து இறங்கின. கோழி டாக்டர் சொன்னார்: "இது வேற ரகம். கதவைத் தட்டிட்டு உள்ள போங்க. தினமும் ஒரே நிறச் சட்டை போடுங்க. மெதுவா நடங்க. அண்ணே, உங்களைத்தான் சொல்றேன்."

அண்ணன் எட்டு நாள் தாக்குப்பிடித்தார். ஒன்பதாம் நாள் தும்மிவிட்டார்.

கொட்டகை முழுக்க ஒரு வெள்ளைத் துணி உதறியதுபோல எழுந்தது. எல்லாம் ஒரே மூலைக்குப் பாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்தன. பிரித்து எடுத்தபோது அடியில் இருந்த முப்பத்தேழு மூச்சு விடவில்லை. அண்ணன் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார். கடைசிக் கோழியை வைத்துவிட்டுத் திரும்பியபோது அக்கா வாசலில் நின்றார். "இனிமே நீங்க உள்ள வரவேண்டாம்."

3

இதுவரை எழுதியதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அட்டைகளில் முட்டை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"தும்மினாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நானா வெச்சதுதான்க்கா."

அவர் கை நின்றது.

"தும்மல் இல்ல. சிரிச்சாரு. நான்தான் சிரிக்க வெச்சேன். தண்ணிக் குழாயை ரெண்டு பேரும் கழுவிக்கிட்டு இருந்தோம், சும்மா இருக்காம டாக்டரைப் பத்தி ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"அதை எழுதவேண்டாம்." மறுபடி அடுக்கத் தொடங்கினார். "அவரு மேல கோபத்துலயா வெளிய நிறுத்தினேன்? அவரு பக்கத்துல இருந்தா நான் திரும்ப எதையாவது சொல்லிடுவேன்."

(தும்மலை ஏன் வைத்தேன்? ஒரு சிரிப்பு முப்பத்தேழு கோழிகளைக் கொன்றது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்தேன். இப்போது திருத்துவதற்கு மனமில்லை. மேலே தும்மலாகவே இருக்கட்டும். நீங்கள் சிரிப்பாகப் படித்துக்கொள்ளுங்கள்.)

4

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம்.

அண்ணன் தீவன மூட்டையை வாசல்வரை சுமப்பார். உள்ளே இழுப்பது அக்கா. வெளி மேசையில் முட்டை துடைப்பார். இருமல் வந்தால் வேலி வரைக்கும் ஓடிப்போய் இருமிவிட்டு வருவார். பேசினால் கிசுகிசுப்பு. கொஞ்ச நாளில் வீட்டிலும் கிசுகிசுப்பு. "தொண்டையை யாருகிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர், கேலி இல்லாமல்.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சத்தம் குறைந்தவர்களை எனக்கு இயல்பாகவே பிடிக்கும். அதனால், "அவருடைய மௌனத்தில் ஒரு நிறைவு கூடிவந்தது. அந்த நிறைவு—" என்று எழுதினேன். அக்கா என் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்த வரிகளை அடித்தார்.

"நிறைவா? பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடறாரு. இருக்காரா எழுந்து போயிட்டாரான்னு திரும்பிப் பாக்கவேண்டியிருக்கு. இதுக்குப் பேரு நிறைவா?"

அதிலிருந்துதான் இந்தக் கதைக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் உள்ளே போகவேண்டும். எப்படி?

5

முடிவு ஒன்று: பழுப்புக் கோழிக்கே திரும்புகிறார்கள். அக்கா: "வெள்ளை நல்லா இடுது. கதைக்காகக் கோழி வாங்க முடியாது."

முடிவு இரண்டு: அண்ணன் வேறு வேலைக்குப் போகிறார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். விட்டுவிட்டேன்.

மூன்றாவது முடிவு என் தலையில் உதிக்கவில்லை. இடும் காலம் முடிந்து, வெள்ளைக் கோழிகளை மாற்றும் நேரம் வந்தபோது டாக்டர் சொன்னார்: "மிரளுறது முழுக்கப் பிறவிக் குணம்னு சொல்ல முடியாதும்மா. நீங்க வாங்கினது பதினாறு வாரம் சத்தமே கேக்காம வளந்தது. குஞ்சுலயே பழக்கினா இவ்வளவு மிரளாது. சில பண்ணையில ரேடியோ பாட விடறாங்க."

"ரேடியோ எதுக்கு டாக்டர்?" என்றார் அக்கா. "எங்க வீட்டுலயே ஒண்ணு சும்மா கிடக்கு."

வளர்ந்த கோழிக்குப் பதிலாக ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் வேண்டுமென்று சொல்லிவிட்டார். நான்கு மாதம் முட்டை கிடையாது. விளக்குச் சூடு, மருந்து, மரத்தூள் என்று இரட்டை வேலை. பழகாவிட்டால் அத்தனையும் வீண். அண்ணன் இன்னொரு ஒன்றரை வருடம் தகரத்தில் சாய்ந்து நிற்கவேண்டியதுதான்.

6

குஞ்சுகள் வந்த காலையில் நானும் போயிருந்தேன். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள். மூடியைத் திறந்தால் மஞ்சள் மஞ்சளாக, உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாமல். அறை வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குகளுக்குக் கீழே ஆயிரத்து ஐந்நூறும் கீச்சிட்டன.

அக்கா அண்ணனைத் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். "பேசுங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பிறகு, மிக மெல்ல: "என்ன பேசறது?"

"எப்பவும் பேசறதுதான்."

"பயந்துடப்போவுது."

"ஒரு நாள் வயசுங்க. இதுங்களுக்கு வெளிச்சம் புதுசு, தண்ணி புதுசு, கால் இருக்கறதே புதுசு. அதோட நீங்களும் ஒண்ணா இருந்துட்டுப் போங்க. நாலு நாள் கழிச்சு வந்தீங்கன்னா நீங்க மட்டும்தான் புதுசாத் தெரிவீங்க."

அவர் நெஞ்சு விரிந்தது. பார்த்தேன். கண் கலங்கியிருந்தது, அதையும் பார்த்தேன். அக்கா ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அடுத்து அவர் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன், ஏழு தடவை. ஆச்சரியக்குறி மூன்று போட்டும் பார்த்தேன். எவ்வளவு பெரிய குரலையும் காகிதம் கிசுகிசுப்பாகத்தான் சொல்கிறது. அந்த மனிதரை இன்னொரு தடவை கிசுகிசுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன்.

"                                        "

உங்களுக்குத் தோன்றியதை அங்கே சொல்லுங்கள். கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டு, பக்கத்து அறையில் இருப்பவர் "என்னாச்சு?" என்று எழுந்து வரும் அளவுக்கு. கூச்சமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள், பரவாயில்லை. அக்கா குஞ்சைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார்.